கண்ணில் ஹெர்பிஸ், கூண்டில் முயல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கண்ணில் வரும் ஹெர்பிஸ் தொற்றைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, இதற்கு நாம் இன்று போடும் மருந்துகள் மனிதக் கண்ணுக்கு வரும் முன்பு முயலின் கண்ணில் சோதிக்கப்பட்டவை என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சிலர் கோபமாக, சிலர் ஆர்வமாக, சிலர் தங்கள் கண்ணைப் பற்றிய கவலையோடு எழுதியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: நான் பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு மாணவி. தட்டில் வளர்க்கும் செல்களில் ஹெர்பிஸ் வைரஸை விட்டு, மேலே மருந்தைச் சேர்த்து, வைரஸ் பெருகுகிறதா என்று சில நாட்களில் பார்த்துவிடலாம் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். அப்படியிருக்க விலங்கின் கண் எதற்கு?

பேராசிரியர் சொன்னது சரி, தொடக்கம் அங்கேதான். செல்களிலேயே தோற்றுப்போகிற மருந்தை யாரும் விலங்கு வரைக்கும் கொண்டுபோக மாட்டார்கள், கொண்டுபோகவும் கூடாது. ஆனால் தட்டில் இருக்கும் செல்லுக்குக் கண்ணீர் கிடையாது, இமை கிடையாது. கண்ணில் விட்ட சொட்டு மருந்தில் பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே கண்ணீரோடு கலந்து மூக்குக்குள் வடிந்துவிடும். மிச்சம் இருக்கும் கொஞ்சம் மருந்து கார்னியா என்கிற கருவிழிப் படலத்தின் மேல் அடுக்கைத் தாண்ட வேண்டும். அது கொழுப்பில் கரைவதை மட்டுமே சுலபமாக உள்ளே விடும். அதற்கு அடுத்த ஸ்ட்ரோமா என்கிற நடு அடுக்கோ நீர் நிறைந்தது, நீரில் கரைவதைத்தான் அது விடும். இரண்டையும் கடக்கத் தெரியாத மருந்து தட்டில் எவ்வளவு பிரமாதமாக வேலை செய்திருந்தாலும் கண்ணில் பயன்படாது.

அப்புறம் நரம்பு. இந்த வைரஸ் (ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை, உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் அதே வைரஸ்) கார்னியாவில் பெருகிவிட்டு அங்கேயே நிற்பதில்லை. நரம்பு வழியாகப் பின்னோக்கிப் பயணம் செய்து, முகத்துக்கு உணர்வு தரும் முக்கிளை நரம்பின் முடிச்சுக்குள் போய் ஆயுள் முழுக்கப் பதுங்கிவிடும். 50 வயதுக்கு உட்பட்ட உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்களிடம் இந்த முதல் வகை வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது கண்ணுக்குத் திரும்பி வருகிறது. ஆனால் வந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரலாம், பார்வை போவதும் அந்தத் திரும்பி வருகிற ஆட்டத்தில்தான். மேலடுக்குப் புண் ஒரே ஒரு முறை வந்து ஆறினால் பெரும்பாலும் பெரிய தழும்பு இருக்காது. மூன்று முறை, ஐந்து முறை என்று வரும்போது, வைரஸ் செய்யும் சேதத்தோடு உடலின் எதிர்ப்பாற்றல் செய்யும் சேதமும் சேர்ந்து கார்னியா மங்கிப்போகிறது. நரம்பு, எதிர்ப்பாற்றல், கண்ணீர் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் உயிருள்ள கண் ஒன்றில்தான் இந்தக் கதையை முழுசாகப் பார்க்க முடியும்.

சோதனை எப்படி நடக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். முயலுக்கோ எலிக்கோ மயக்கம் கொடுத்து, கண்ணை மரத்துப்போகச் செய்து, கார்னியாவின் மேற்பரப்பில் ஊசிமுனையால் மிக லேசாகக் கீறி, வைரஸ் கலந்த ஒரு சொட்டை விடுவார்கள். மக்கிரே என்கிற வீரியமான வைரஸ் வகையாக இருந்தால் முயலுக்குக் கீறல்கூடத் தேவைப்படாது. இரண்டு மூன்று நாளில் புண் தெரியும். ஃப்ளோரசீன் என்கிற மஞ்சள் சாயத்தை ஒரு துளி விட்டு, ஸ்லிட் லேம்ப் என்கிற கண் மருத்துவரின் நுண்ணோக்கியில் நீல வெளிச்சத்தை வைத்துப் பார்த்தால், கார்னியாவின் மேல் பச்சை நிறத்தில் மெல்லிய கிளை ஒன்று ஒளிரும். கிளையிலிருந்து உபகிளை பிரியும், ஒவ்வொன்றின் நுனியும் மொட்டு மாதிரி லேசாகத் தடித்திருக்கும். மனிதக் கண்ணில் பார்க்கும் அதே மரக்கிளைப் புண்தான். அந்தக் கிளை கண்ணில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள். போடுபவருக்கு எந்த முயலுக்கு மருந்து, எந்த முயலுக்கு வெறும் கரைசல் என்று தெரியவே கூடாது. கூடவே தினமும் பஞ்சுக்குச்சியால் கண்ணீரைத் தொட்டெடுத்து அதில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்றும் எண்ணுவார்கள்.

இதில் வெறும் கரைசல் மட்டும் பெறும் குழு ரொம்ப முக்கியம். ஏனென்றால் மேலடுக்குப் புண் மருந்தே இல்லாமல் தானாகவும் ஆறக்கூடியது, முயலில் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். அந்தக் குழு இல்லாமல் "பத்து நாளில் புண் ஆறிவிட்டது" என்று யாராவது சொன்னால் அதற்கு மதிப்பே இல்லை. நாளைக்கு நீங்கள் ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது முதலில் இதைத் தேடுங்கள். இரண்டாவதாக, தொற்று ஏற்பட்டு எத்தனை மணி நேரம் கழித்து மருந்து ஆரம்பித்தார்கள் என்று பாருங்கள். வைரஸை விட்ட ஒரு மணி நேரத்தில் மருந்தைத் தொடங்கினால் ஏறக்குறைய எந்த மருந்தும் ஜெயிக்கும். ஆனால் நோயாளிகள் யாரும் அந்த நேரத்தில் வருவதில்லை, கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசி, நாலைந்து நாள் கழித்துத்தான் வருகிறார்கள்.

கேள்வி: ஏன் எப்போதும் முயல்? மனிதனுக்கு நெருக்கமானது குரங்குதானே?

முயலுக்கும் இந்த நோய்க்கும் நூறு வருஷத் தொடர்பு இருக்கிறது. ஜெர்மனியின் மார்பர்க்கில் வில்ஹெல்ம் க்ரூட்டர் என்கிற கண் மருத்துவர், நோயாளியின் கார்னியாப் புண்ணிலிருந்து எடுத்ததை முயலின் கார்னியாவில் தடவி அதே புண்ணை வரவைத்துக் காட்டினார், 1920இல் அதை விரிவாக எழுதினார். இந்தக் கண் நோய் தொற்றக்கூடியது என்பதை உறுதியாக நிறுவிய வேலைகளில் அது ஒன்று. அதாவது மருந்து சோதிப்பதற்கு முன்னாலேயே, நோய் என்ன என்பதைப் புரிந்துகொள்ள முயல் கண்தான் உதவியது.

மருந்து விஷயத்தில் 1960களின் தொடக்கம் முக்கியமானது. யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ப்ரூசாஃப் 1959இல் ஐடாக்ஸ்யூரிடின் என்ற ஒரு பொருளைத் தயாரித்தார், புற்றுநோய்க்கு உதவுமா என்பதுதான் அப்போதைய எண்ணம். ஹெர்பர்ட் காஃப்மன் என்கிற கண் மருத்துவர் அதை ஹெர்பிஸ் தொற்றிய முயல் கண்ணில் சொட்டு மருந்தாக விட்டுப் பார்த்தார், பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்தார், 1962இல் முடிவுகள் வெளிவந்தன, அடுத்த வருஷமே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வைரஸ் நோய் எதற்குமே மருந்து இருக்க முடியாது, வைரஸைக் கொன்றால் செல்லும் சாகும் என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வைரஸுக்கு எதிராக அனுமதி பெற்ற முதல் மருந்து கண்ணுக்குத்தான் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறைவதே இல்லை. கண்ணின் மேற்பரப்பில் நோயைக் கண்ணால் பார்க்க முடியும், மருந்தை நேராக அங்கேயே விட முடியும், உடல் முழுக்க நஞ்சாக்கத் தேவையில்லை. கண் முந்திக்கொண்டதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதற்கு அப்புறம் டிரைஃப்ளூரிடின், அசைக்ளோவிர், கான்சைக்ளோவிர் என்று ஒவ்வொன்றாக வந்தன.

முயலின் கார்னியா பெரியது, மனிதக் கார்னியாவைவிடக் கொஞ்சம் பெரியதுகூட. மனிதருக்கு வைத்திருக்கும் அதே கருவிகளை வைத்தே பார்க்கலாம். இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது: தொற்று ஆறிப்போன முயலில், யாரும் தூண்டாமலேயே, வைரஸ் அவ்வப்போது நரம்பிலிருந்து இறங்கி வந்து கண்ணீரில் தென்படும். 1967இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எலியில் அப்படி நடப்பது அபூர்வம். எலியின் உடலைச் சில நிமிடங்கள் சூடேற்றியோ, கண்ணில் புற ஊதாக் கதிர் காட்டியோதான் வைரஸை எழுப்ப வேண்டும். ஆகவே "இந்த மருந்து நோய் திரும்புவதைத் தடுக்குமா" என்பது கேள்வி என்றால், முயல்தான் மேல்.

குறைகளும் உண்டு. முயல் இமைப்பது மிகவும் குறைவு. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம், முயலோ பல நிமிடங்களுக்கு ஒரு தடவைதான். அதனால் சொட்டு மருந்து அதன் கண்ணில் நம் கண்ணைவிட அதிக நேரம் தங்கும். முயலில் ஒரு நாளைக்கு மூன்று சொட்டு போதுமானதாக இருந்தது என்றால், மனிதருக்கும் மூன்றே போதும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தவிர, முயலில் கண்ணீரில் வைரஸ் வந்து போகிறதே ஒழிய, ஒவ்வொரு தடவையும் மனிதருக்கு வருவது மாதிரி புண்ணும் தழும்பும் வருவதில்லை.

குரங்குக்கு வருவோம். சில தென் அமெரிக்கக் குரங்கு இனங்களுக்கு இந்த வைரஸ் தொற்றும், ஆனால் அவற்றில் ஆந்தைக் குரங்கு போன்றவற்றுக்கு அது உயிரையே பறிக்கும் நோயாகிவிடும். நெருங்கிய உறவு என்பதற்காக நோயும் நம்மைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது. குரங்கைத் தேடிப் போவதற்கு இந்த நோயில் எனக்குத் தெரிந்து நியாயமான காரணம் அநேகமாக இல்லை.

கேள்வி: டாக்டர், எனக்கு மூன்றாவது தடவையாகக் கண்ணில் ஹெர்பிஸ். முதல் தடவை பார்த்த டாக்டர், ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடவே கூடாது என்றார். இப்போது பார்க்கும் டாக்டர் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பலாம், இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்க வாய்ப்பிருக்கிறது. முதல் தடவை உங்களுக்கு மேலடுக்கில் மரக்கிளைப் புண் வந்திருக்கும். அங்கே வைரஸ் மும்முரமாகப் பெருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஸ்டீராய்டைத் தனியாக விட்டால் அது வைரஸுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. கிளை மாதிரி இருந்த புண் அகலமாகப் படர்ந்து, பெரிய வரைபடம் மாதிரி ஆகிவிடும். இப்போது உங்களுக்கு வந்திருப்பது நடு அடுக்கில், ஸ்ட்ரோமாவில் வீக்கம் என்று நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டிலிருந்து ஊகிக்கிறேன். அது வேறு சண்டை.

அது வேறு சண்டை என்று நமக்குத் தெரியவைத்ததில் எலிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எலியின் கார்னியாவில் வைரஸை விட்டால், ஒரு வாரத்துக்குள் அங்கே பெருகும் வைரஸ் ஏறக்குறைய காணாமல் போய்விடும். கண் நன்றாக ஆகிவிட்டது என்று தோன்றும். அதற்கு அப்புறம்தான், இரண்டாவது வாரத்தில், கார்னியா வீங்கி, வெளுத்து, ரத்தக் குழாய்கள் உள்ளே புகுந்து, நிலைமை உச்சத்துக்குப் போகும். வைரஸ் போனபிறகு நோய் ஏன் ஏறுகிறது? எதிர்ப்பாற்றலின் படைவீரர்களான டி செல்கள் இல்லாமல் பிறந்த எலிகளை வைத்துப் பார்த்தார்கள், அவற்றுக்கு இந்த இரண்டாம் கட்டம் வரவே இல்லை. டி செல்களை வெளியிலிருந்து கொடுத்தார்கள், வந்தது. சிடி4 வகை டி செல்கள்தான் இதில் முன்னின்று நடத்துகின்றன என்பது அப்படித்தான் புரிந்தது. ஸ்டீராய்டு அடக்குவது எதிர்ப்பாற்றல் செய்யும் இந்தச் சேதத்தைத்தான். ஒரே வைரஸ், ஒரே அளவு, ஆனால் பால்ப்-சி என்கிற எலி இனத்துக்கு இந்த நோய் கடுமையாக வரும், சி57 பிளாக் 6 என்கிற இனம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். மனிதரிலும் ஒருவருக்குத் தழும்பாகிறது, இன்னொருவருக்கு ஆறிவிடுகிறது, இல்லையா? அதற்குப் பின்னால் மரபு இருக்கலாம் என்பதற்கு இது ஒரு தடயம்.

ஆனால் எலி சொன்னதை மட்டும் வைத்து உங்கள் கண்ணில் ஸ்டீராய்டு விடச் சொல்ல எனக்கு மனசு வராது. அமெரிக்காவில் நோயாளிகளை வைத்து நடந்த ஹெர்பிஸ் கண் நோய் ஆய்வு 1994இல் வெளியானது. ஸ்ட்ரோமா வீக்கம் இருந்த 106 பேரில், வைரஸ் மருந்துச் சொட்டின் பாதுகாப்போடு ஸ்டீராய்டு சொட்டும் பெற்றவர்களுக்கு வீக்கம் நீடிக்கும் ஆபத்து 68 சதவீதம் குறைந்தது. கவனியுங்கள், வைரஸ் மருந்தோடு சேர்த்து. உங்கள் மருத்துவர் ஸ்டீராய்டோடு வைரஸ் மருந்தும் எழுதியிருக்கிறாரா என்று சீட்டைப் பாருங்கள், எழுதாவிட்டால் காரணம் கேளுங்கள். சிவப்பு குறைந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இன்னொன்று, வீட்டில் யாருக்காவது கண் சிவந்தால் உங்கள் பாட்டிலை எடுத்து விடாதீர்கள். பழைய ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தானாகப் போட்டுக்கொண்டு கார்னியாவை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தடுத்திருக்கக்கூடிய குருட்டுத்தன்மை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பூனைக்குக் கண்ணில் ஹெர்பிஸ் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். என்னிடம் எனக்குக் கொடுத்த வாலசைக்ளோவிர் மாத்திரை மிச்சம் இருக்கிறது. பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா? அதனிடமிருந்து எனக்குத் தொற்றுமா?

கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாதியும் வேண்டாம், கால் பங்கும் வேண்டாம். பூனைகளுக்கு வாலசைக்ளோவிர் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது, கல்லீரல், சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை மூன்றும் கெட்டுப்போயின. அவ்வளவு நஞ்சாகியும் பூனையின் வைரஸை அது கட்டுப்படுத்தவும் இல்லை. பூனைக்கு வருவது பூனை ஹெர்பிஸ் வைரஸ், நம்முடையதோடு உறவுமுறை உண்டு, ஆனால் வேறு வைரஸ். அசைக்ளோவிர் வகை மருந்துகள் (வாலசைக்ளோவிரும் இதில் ஒன்று) வேலை செய்ய வேண்டுமென்றால், வைரஸ் தன்னிடமுள்ள தைமிடின் கைனேஸ் என்கிற நொதியால் முதலில் அதைத் தூண்டிவிட வேண்டும். பூனை வைரஸின் நொதி அந்த வேலையை மிக மோசமாகச் செய்கிறது. அதனால் மருந்து வைரஸைத் தொடாமல் பூனையைத் தாக்குகிறது. ஃபாம்சைக்ளோவிர் என்கிற வேறொரு வைரஸ் மருந்து பூனைக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் பூனையின் கல்லீரல் அதை மாற்றும் விதம் வேறு என்பதால் அளவை மனிதக் கணக்கில் போட முடியாது, கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பூனையின் வைரஸ் மனிதருக்குத் தொற்றாது, பயப்படாமல் கவனித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு பூனை இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள்.

உங்கள் கேள்வியை இந்தத் தொகுப்பில் சேர்த்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பூனைக்கு இந்த நோய் இயற்கையாக வருகிறது, மரக்கிளைப் புண், திரும்பத் திரும்ப வருவது, மன உளைச்சலில் கிளம்புவது எல்லாம் நம்மைப் போலவே. ஆய்வகத்தில் புதிதாக நோயை உண்டாக்காமல், ஏற்கெனவே நோயோடு வரும் பூனைகளுக்குச் சிகிச்சை கொடுத்து, அதிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். பூனைக்கும் லாபம், நமக்கும் லாபம். ஆனால் மருந்து எந்த அளவு நஞ்சு என்கிற கேள்விக்கு மட்டும் பூனையிடம் பதில் தேடக் கூடாது. பூனையில் நஞ்சான அதே வாலசைக்ளோவிர் மனிதரில் லட்சக்கணக்கானோர் நிம்மதியாகச் சாப்பிடும் மாத்திரை. பூனையை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் அதைக் குப்பையில் போட்டிருப்போம்.

கேள்வி: வாயில்லாத ஜீவனின் கண்ணில் கிருமியை விட்டுப் புண் வரவைப்பதை எப்படி உங்களால் நியாயப்படுத்த முடிகிறது? அவற்றுக்கு வலிக்காதா?

வலிக்கும். உடலிலேயே நரம்பு நுனிகள் மிக அடர்ந்த இடங்களில் கார்னியா ஒன்று, கண்ணில் ஒரு தூசி விழுந்தாலே நமக்குத் தெரியும். வைரஸ் நாளடைவில் கார்னியாவின் உணர்வைக் கொஞ்சம் மரத்துப்போக வைக்கும் என்பது உண்மை, ஆனால் முதல் நாட்களின் வேதனைக்கு அது பதிலாகாது. சில எலிகளில் வைரஸ் மூளைக்கு ஏறிவிடும். ஆய்வின் கடைசியில் நரம்பு முடிச்சில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க அந்த விலங்கைக் கொன்றுதான் ஆக வேண்டும். இதையெல்லாம் மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இவ்வளவும் தெரிந்துதான் நான் இதை ஒரு வரம்போடு ஏற்றுக்கொள்கிறேன். முயல் கண்ணில் பார்க்காமல் ஐடாக்ஸ்யூரிடினை மனிதக் கண்ணில் விட்டிருக்க முடியாது. அதற்கு முன்னால் இந்த நோய்க்குச் செய்ததெல்லாம் புண்ணைச் சுரண்டி எடுப்பதும் அயோடின் வைத்துச் சுடுவதும்தான். ஆனால் ஏற்றுக்கொள்வது என்றால் எதையும் ஏற்றுக்கொள்வது இல்லை. ஏற்கெனவே இருக்கும் நல்ல மருந்தோடு ஒப்பிடாத, யாருக்கு எது கொடுத்தார்கள் என்று மறைக்காத, எத்தனை விலங்கு தேவை என்று முன்கூட்டிக் கணக்குப் போடாத ஆய்வு ஒன்று நடந்தால், அதில் செத்த முயல்கள் வீணாகச் செத்தன என்றுதான் சொல்வேன். அப்படிப்பட்ட ஆய்வுகள் வெளிவந்துகொண்டுதான் இருக்கின்றன. என் கோபம் அங்கேதான்.

வில்லியம் ரஸல், ரெக்ஸ் பர்ச் என்கிற இருவர் 1959இலேயே வகுத்த நெறி ஒன்று இருக்கிறது: விலங்குக்கு மாற்று இருந்தால் மாற்றைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. கண் ஆய்வில் இது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்றால், பொதுவாக ஒரு கண்ணில் மட்டுமே நோயை உண்டாக்க வேண்டும், இரண்டு கண்ணையும் கெடுத்து விலங்கைக் குருடாக்கக் கூடாது. ஒளிரும் புரதம் சேர்த்த வைரஸை வைத்து, ஒரே எலியை மயக்கத்தில் படம் எடுத்துத் தொற்று எங்கே பரவியிருக்கிறது என்று நாளுக்கு நாள் பார்க்கலாம். முன்பு ஒவ்வொரு நாளுக்கும் சில எலிகளைக் கொன்று பார்த்த இடத்தில் இப்போது அதே எலிகள் போதும். மாற்று என்று எடுத்துக்கொண்டால், மாற்று அறுவைக்குத் தகுதிப்படாத தானக் கண்களின் கார்னியாவையும், இறைச்சிக்காக வெட்டப்பட்ட பன்றியின் கார்னியாவையும் கிண்ணத்தில் சில நாள் உயிரோடு வைத்து, அதில் தொற்றை உண்டாக்கி மருந்தைச் சோதிக்கிறார்கள். மருந்து உள்ளே இறங்குகிறதா, மேலடுக்கைப் புண்ணாக்குகிறதா என்கிற கேள்விகளுக்கு அதுவே போதும், அதற்கு முயல் தேவையே இல்லை. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் சட்டத்தையே திருத்தி, புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்கிற வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் நரம்பில் பதுங்கி மறுபடியும் எழுந்து வருவதை இன்னும் எந்தக் கிண்ணத்திலும் முழுமையாகக் கொண்டுவர முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விலங்கு இன்னும் தேவைப்படுகிறது.

கேள்வி: எலிகளில் ஹெர்பிஸ் வைரஸை மரபணுக் கத்தரியால் வெட்டியே ஒழித்துவிட்டார்கள் என்று செய்தி பார்த்தேன். எங்களுக்கு எப்போது வரும்?

நம்பிக்கை தரும் வேலைதான், ஆனால் செய்தியின் தலைப்பைவிட விஷயம் கொஞ்சம் சிறியது. மரபணுக் கத்தரி என்பது வைரஸின் மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதி. சியாட்டிலில் கீத் ஜெரோம் என்கிற ஆய்வாளரின் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், கண் வழியாகத் தொற்று ஏற்றப்பட்ட எலிகளின் கழுத்துப் பகுதி நரம்பு முடிச்சு ஒன்றில் பதுங்கியிருந்த வைரஸில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. இதுவரை எந்த மருந்தாலும் பதுங்கிய வைரஸைத் தொடக்கூட முடிந்ததில்லை என்பதால் இது பெரிய அடி. ஆனால் மனிதக் கண்ணுக்கு வைரஸ் இறங்கி வருவது முக்கிளை நரம்பின் முடிச்சிலிருந்து, அந்த 90 அந்த இடத்துக்கான எண் கிடையாது. முன்னமே சொன்ன மாதிரி எலியில் வைரஸ் தானாக எழுவதும் அபூர்வம். மிச்சமிருக்கும் வைரஸ் மனிதரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எலி சொல்லாது. ஷாங்காயில் வேறொரு குழு கத்தரியை நேராகக் கார்னியாவிலேயே செலுத்தும் வழியை எலிகளில் காட்டிவிட்டு, மிகச் சில நோயாளிகளிடமும் முயன்றிருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதை ஆவலோடு கவனிப்பேன், இதற்காக இப்போதைய மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்த மாட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு நெற்றியில் அக்கி வந்து கண்ணுக்கும் பரவிவிட்டது. இதற்கும் முயலில் சோதித்த மருந்துதானா?

அக்கியைக் கொண்டுவருவது சின்னம்மை வைரஸ், இதுவும் ஹெர்பிஸ் குடும்பம்தான், ஆனால் மனிதரை விட்டால் வேறெந்த விலங்குக்கும் இந்த நோயை அப்படியே வரவைக்க முடியவில்லை. குரங்குகளுக்கு வரும் இதன் உறவு வைரஸை வைத்துத்தான் கொஞ்சம் கற்றுக்கொண்டார்கள். அதனால் அக்கி மருந்தின் பயனை நேரடியாக நோயாளிகளிடம்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. மருந்து அதே குடும்பம், அளவு மட்டும் அதிகம். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது, மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணுக்குள்ளும் பாதிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இதழ் கைக்கு வருவதற்குள் அவரைக் கண் மருத்துவரிடம் காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: ஒரு வருஷமாக தினமும் இரண்டு வேளை அசைக்ளோவிர் சாப்பிடுகிறேன். முயலுக்கு ஒன்றிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்ததை நம்பி வருஷக்கணக்கில் சாப்பிடலாமா?

நல்ல கேள்வி, ஆனால் நீங்கள் சாப்பிடுவது முயலை நம்பி இல்லை. முன்னே சொன்ன அமெரிக்க ஆய்வின் இன்னொரு பகுதியில், கண் ஹெர்பிஸ் வந்து ஆறிய 703 பேருக்கு ஒரு வருஷம் 400 மில்லிகிராம் இரண்டு வேளையோ, மருந்தில்லாத மாத்திரையோ கொடுத்தார்கள். 1998இல் முடிவு வந்தது: மருந்தில்லாதவர்களில் 32 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, மருந்து சாப்பிட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு. ஏற்கெனவே ஸ்ட்ரோமா வீக்கம் வந்தவர்களுக்குத்தான் இதில் பலன் அதிகம், அவர்களுக்கு அந்த வீக்கம் திரும்புவது 28 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆய்வுக் குழு, ஸ்ட்ரோமா வீக்கம் நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டீராய்டு சொட்டோடும் வைரஸ் மருந்துச் சொட்டோடும் கூட மாத்திரையும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் ஆறுமா என்று பார்த்தது, அதில் பலன் தெரியவில்லை. எந்த முயலும் எலியும் இந்த இரண்டு பதில்களையும் தந்திருக்க முடியாது, ஒரு வருஷம் காத்திருந்த மனிதர்கள்தான் தந்தார்கள்.

மாத்திரையை நிறுத்தினால் பாதுகாப்பும் நின்றுவிடும். தொடர வேண்டுமா என்பது உங்களுக்கு எத்தனை தடவை வந்தது, எந்த அடுக்கில் வந்தது, தழும்பு பார்வைக்கு நேராக இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அடுத்த தடவை போகும்போது இந்த மூன்றையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, ஆகவே தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஒரு வருஷமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்து, அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.